கதிரையிலிருந்து இறக்கும் அதிகாரத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள்? தேசிய மக்கள் சக்தியின் 159 உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் தோழர்களே,

தோழர் என்று விளிப்பது உங்கள் கட்சி வழக்கம், ஆகவே நானும் அப்படியே தொடங்குகிறேன். நான் கட்சிக்காரன் இல்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை உங்களுக்குக் கொடுத்த சனத்தில் ஒருவன், அவ்வளவுதான். தெற்கின் கட்சி ஒன்று இங்கே முதலிடத்துக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்போம், புதிய அரசியலமைப்பு கொண்டுவருவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதினீர்கள். மூன்றில் இரண்டுக்கு 150 பேர் வேண்டும், சனம் உங்களுக்கு 159 பேரைத் தந்தது. 2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை ரத்துச் செய்யும் சட்டத்தை நிறைவேற்றினீர்கள், மஹிந்த ராஜபக்ஷ கொழும்பு விஜேராமவில் இருந்த அரச வீட்டை விட்டுப் போனார். சரி, நல்ல வேலை. ஆனால் அது கதிரையை விட்டு எழும்பிப் போனவர்களின் சங்கதி. கதிரை அப்படியே இருக்கிறது, அதில் இருக்கும் அநுர குமார திசாநாயக்க பாதுகாப்பு அமைச்சையும் நிதி அமைச்சையும் தன் கையிலேயே வைத்திருக்கிறார்.

இந்த வாக்குறுதியின் வரலாற்றை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, நீங்களே அதில் பாத்திரங்கள். 1994இல் உங்கள் தாய்க்கட்சியான மக்கள் விடுதலை முன்னணியின் வேட்பாளர் ஜனாதிபதித் தேர்தல் போட்டியிலிருந்து விலகியது எதற்காக? 1995 ஜூலை 15க்குள் இந்த முறையை நீக்குவேன் என்று சந்திரிகா குமாரதுங்க எழுத்தில் கொடுத்ததற்காக. அந்த நாள் வந்தது, போனது. 2005இல் நீங்கள் மேடை ஏறி வெல்லவைத்த மஹிந்தவும் அதே வாக்குறுதியைத் தந்தார், பிறகு 2010இல் 18ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்து இரண்டு தவணை வரம்பையே எடுத்துவிட்டார். 2015இல் மைத்திரிபால சிறிசேன. அவருடைய 19ஆம் திருத்தம் கொஞ்சம் குறைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் குறைத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டே 2018 ஒக்டோபர் 26 இரவு பிரதமரை நீக்கினார், இரண்டு கிழமையில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகச் 'செல்லாது' என்று சொல்லும்வரை நாட்டில் யார் அரசாங்கம் என்றே தெரியவில்லை.

அதே 2018 செப்டெம்பரில் ஒரு தனிநபர் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது ஞாபகம் இருக்கும். ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரத்தை நீக்கும் 20ஆம் திருத்தம் (கோட்டாபய ராஜபக்ஷ 2020இல் நிறைவேற்றிய 20 இல்லை, அதற்கு முந்திய 20). அதைக் கொண்டுவந்தது உங்கள் விஜித ஹேரத். மூன்றில் இரண்டோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, விஷயம் அங்கேயே நின்றுவிட்டது. அப்போது உங்களிடம் இருந்தது ஆறு பேர். ஆறு பேரோடு கொண்டுவர முடிந்ததை 159 பேரோடு ஏன் ஆறப்போட வேண்டும் என்பது ஒரு கேள்வி. ஆனால் இந்த மடலை அதைக் கேட்பதற்காக எழுதவில்லை, அதைத் தெற்கிலேயே நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது வேறு. ஒழிப்பது என்று வந்தால், அந்தக் கதிரையில் குவிந்து கிடக்கும் ஒவ்வொரு அதிகாரமும் எழும்பி எங்கே போகப் போகிறது?

கொழும்பில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிவது இரண்டு ஆட்கள்தான், ஜனாதிபதியும் பிரதமரும். ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது என்கிறார்கள். எங்களுக்கு அது முடிந்த வேலை இல்லை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது பிரதமரின் அரசாங்கம். 1956 தனிச் சிங்களச் சட்டமும் அப்படித்தான். உங்களுக்கு இன்னும் கிட்ட வந்து சொல்வதென்றால், 1971 ஏப்ரலில் உங்கள் முதல் தலைமுறைத் தோழர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது நிறைவேற்று ஜனாதிபதி இல்லை, அப்போது அப்படி ஒரு பதவியே இருக்கவில்லை. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பிரதமர். அடுத்த வருடம் குடியரசு அரசியலமைப்பு வந்து வில்லியம் கோபல்லாவ ஜனாதிபதி ஆனார், கையொப்பம் போடும் ஜனாதிபதி. அந்த அரசியலமைப்பை வைத்தே அந்த அரசாங்கம் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது.

அப்புறம் வந்தது ஜே.ஆர். ஜயவர்தன. இந்த யோசனையை அவர் 1966இலேயே ஒரு பேச்சில் சொல்லிவிட்டார், அப்போது அவர் கட்சிக்குள்ளேயே எடுபடவில்லை. 1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140 கிடைத்ததும் யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. ஒக்டோபரில் ஒரு திருத்தம், 1978 பெப்ரவரி 4ஆம் திகதி சத்தியப்பிரமாணம், செப்டெம்பரில் முழு அரசியலமைப்பு. வாக்காளரிடம் தனியாக ஒரு வாக்கெடுப்பும் இல்லை. பிறகு தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்ட சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார், ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. விளக்கு வென்றது. அடுத்த ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, அந்தப் பழியை அவர் தூக்கி உங்கள் கட்சியின் தலையில் போட்டு உங்களைத் தடை செய்தார். 1989இல் உங்கள் கட்சியின் நிறுவுநர் ரோஹண விஜேவீர எப்படி இறந்தார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பிரதமரிடமும் அடி வாங்கியிருக்கிறீர்கள், ஜனாதிபதியிடமும் வாங்கியிருக்கிறீர்கள். எங்களுக்கும் அப்படியே. இதனால்தான் கதிரையின் பெயரை மாற்றுவதில் எனக்கு ஆர்வம் குறைவு.

இப்போது வடக்கில் இருந்து பார்த்தால் இந்த அதிகாரம் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரை ஜனாதிபதியை அரசின் தலைவர், நிறைவேற்றுத்துறையின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், ஆயுதப் படைகளின் தளபதி என்று ஒரே மூச்சில் சொல்கிறது. தெற்கில் இருப்பவருக்கு முதல் மூன்றும் பெரிதாகத் தெரியும். கோட்டாபய பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தி விவசாயியை நடுவயலில் விட்டது, கடைசியில் 2022 ஜூலையில் மாலைதீவுக்கு ஓடி சிங்கப்பூரிலிருந்து இராஜினாமா அனுப்பியது, அந்த இடத்துக்குத் தேசியப் பட்டியலில் வந்த ஒரேயொரு ஆசனக்காரர் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளோடு ஏறியது, இதெல்லாம் அவர்களுக்கு மறக்காது. எங்களுக்கும்தான். ஆனால் எங்கள் அன்றாடத்தில் ஜனாதிபதி இரண்டு உருவத்தில் வருவார். ஒன்று பாதுகாப்பு அமைச்சர். மற்றது ஆளுநர்.

முதலில் பாதுகாப்பு அமைச்சர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரை நீதிமன்றம் இல்லாமல் தடுத்து வைக்கும் உத்தரவு அந்த அமைச்சரின் பெயரில் போகிறது. 2022 திருத்தத்துக்கு முன் பதினெட்டு மாதம்வரை, பிறகு பன்னிரண்டு. 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று பெயர் வைத்த சட்டம் இது, பெயரில் இன்னும் 'தற்காலிக' இருக்கிறது. நீங்களும் அதை நீக்குவதாகத்தான் சொன்னீர்கள்.

ஆளுநர் விஷயம் தெற்கில் நிறையப் பேருக்கு விளங்குவதில்லை, ஏனென்றால் அங்கே மாகாண சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தப்படி ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி, ஜனாதிபதி விரும்பும்வரைதான் அவர் பதவியில் இருப்பார். மாகாணத்தின் பொதுச் சேவை அவரிடம் இருக்கிறது, பொதுச் சேவை ஆணைக்குழுவையும் அவரே நியமிப்பார். நிதி சம்பந்தப்பட்ட நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஒன்றைச் சபையில் கொண்டுவரவே அவருடைய சிபாரிசு வேண்டும். நிர்வாகத்தின் தலையில் இருக்கும் பிரதம செயலாளரை நியமிப்பதும் ஜனாதிபதி. 2013 செப்டெம்பர் 21இல் வடக்கு சனம் வரிசையில் நின்று வாக்குப் போட்டு, 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரை முதலமைச்சர் ஆக்கியது. மேலே ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். கிழக்கில் அதே காலத்தில் ஒரு முன்னாள் ரியர் அட்மிரல். யார் தெரிவானாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இப்போது அந்தச் சபையும் இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, வடக்கினது 2018இல். அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் ஒருவர்கூட ஆதரிக்காமல் தோற்கடித்தது, பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று தொங்குகிறது. பழைய முறைக்குத் திரும்புவதற்குச் சாதாரணச் சட்டம் போதும். சர்வஜன வாக்கெடுப்பு வேண்டாம், மூன்றில் இரண்டும் வேண்டாம். இதற்குள் இத்தனை வருடமாக ஒன்பது மாகாணங்களையும் ஆளுவது ஜனாதிபதியின் ஒன்பது பிரதிநிதிகள்.

வடக்கில் இப்போது இருக்கும் ஆளுநர் முன்னாள் அரச அதிபர், தமிழர், மாவட்டத்தை அறிந்தவர். அவரைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் நல்ல ஆளை அனுப்பிவிட்டோம்தானே என்று உங்கள் ஆட்கள் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. நல்ல ஆளை அனுப்புவதும் கெட்ட ஆளை அனுப்புவதும் ஜனாதிபதியின் விருப்பம் என்பதுதானே பிரச்சினை.

தமிழர் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாராளுமன்றத்தில் நாங்கள் எப்போதும் சிறுபான்மை, ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஐம்பது வீதத்துக்கு மேல் எடுக்க வேண்டும், ஆகவே எங்கள் வாக்கு இல்லாமல் யாரும் வெல்ல முடியாது, இந்தப் பதவி எங்களுக்குப் பாதுகாப்பு என்று மூத்த தலைவர்களே பேசியிருக்கிறார்கள், முஸ்லிம் அரசியலிலும் இந்தப் பேச்சு உண்டு. 2015இல் சிறிசேன எங்கள் வாக்கோடு வென்றபோது அது உண்மைபோலத் தெரிந்தது. 2005இல் வடக்கு வாக்களிக்காமல் விடவைக்கப்பட்டபோது மஹிந்த 50.29 வீதத்தில் வென்றதையும் இதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். 2019இல் கோட்டாபய 52.25 வீதம் எடுத்தார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழரும் முஸ்லிம்களும் எதிராகப் போட்டு, அதற்குப் பிறகும் வென்றார். அடுத்த ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுகளைக் காக்க ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைத்தார், தலைமை பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. சட்டம் வேண்டாம், பாராளுமன்ற விவாதம் வேண்டாம், ஒரு வர்த்தமானி போதும்.

பலமான ஜனாதிபதி ஒருவர் மனம் வைத்தால் ஒரே கையொப்பத்தில் தீர்வு வந்துவிடும் என்ற கனவும் இதோடு ஒட்டியது. அந்தக் கையொப்பத்தை நாங்கள் ஒருமுறை பார்த்தோம். 1988 செப்டெம்பரில் ஜே.ஆர். பிரகடனம் போட்டு வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணம் ஆக்கினார். இயக்கங்களின் ஆயுதக் களைவு முடிந்திருக்க வேண்டும் என்ற சட்ட நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதி ஒன்றால் தாண்டித்தான் அதைச் செய்தார். இணைப்பு நீடிக்கலாமா என்று கிழக்கில் நடத்த வேண்டிய வாக்கெடுப்பை அடுத்தடுத்த ஜனாதிபதிகள் வருடாவருடம் வர்த்தமானி போட்டுத் தள்ளிக்கொண்டே போனார்கள். பதினெட்டு வருடம் அப்படியே ஓடியது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொன்னது: அப்படிச் செய்ய ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை, இணைப்புச் செல்லாது. அந்த வழக்கின் பின்னால் நின்றது உங்கள் கட்சி. அப்போது எனக்கு உங்கள்மீது இருந்த கோபம் கொஞ்சமல்ல, இன்றைக்கும் அதன் அரசியல் எனக்கு ஏற்புடையது இல்லை. ஆனால் அவசரகால விதியால் கட்டியதை ஒரு தீர்ப்பு இடித்தது என்ற உண்மையை எங்கள் ஆட்களும் பார்க்க வேண்டும். கருணையால் கையில் விழுந்தது எதுவும் எங்களிடம் தங்கியதில்லை.

அந்தக் கருணை என்ற அதிகாரத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் சொந்த வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அதில் சிறு பிள்ளையும் உண்டு. இந்த நாட்டில் அப்படியான வழக்கு ஒன்று முடிவுவரை போவது அபூர்வம், இது போயிற்று. 2015இல் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் நாடே கதவைச் சாத்தியிருந்தபோது, கோட்டாபய அவருக்கு மன்னிப்பு வழங்கி வெளியே விட்டார். பத்தொன்பது வருடம் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களுக்கு ஒரு கையொப்பம் பதில். மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்பு வழங்குவதென்றால் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் வேண்டும் என்று 34ஆம் உறுப்புரை சொல்கிறது. சிறிசேன பதவி விட்டுப் போகும் தறுவாயில் றோயல் பார்க் கொலைக் குற்றவாளிக்குக் கொடுத்த மன்னிப்பையும், கோட்டாபய கொலைக் குற்றவாளியான முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கொடுத்ததையும் 2024இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்ததே, அவை எப்படி வழங்கப்பட்டன என்பதைப் படித்தாலே இந்த அதிகாரம் எவ்வளவு அலட்சியமாகக் கையாளப்பட்டது என்று விளங்கும். இதை நாளைக்குப் பிரதமரிடம் கொடுத்தால் மட்டும் என்ன மாறும்? காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதாமல் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒன்றுதான்.

உங்கள் காலத்தில் அப்படி எதுவும் நடக்காது என்பீர்கள். 2025 மார்ச் 28 வர்த்தமானியை எடுத்துப் பாருங்கள். வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக் காணி ஆகும் என்று அறிவித்தல். இடம்பெயர்ந்து காணி உறுதியைத் தொலைத்தவர்களும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எங்கே ஓடுவார்கள்? எதிர்ப்பு வந்தது, வழக்குப் போனது, பின்வாங்கினீர்கள். பின்வாங்கியது நல்லது. கெட்ட எண்ணத்தோடு செய்தீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் உங்களுக்கே மூன்று உறுப்பினர்கள் இருந்தார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அறிவித்தல் அந்த வடிவத்தில் வந்திருக்காது. கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. நிறைவேற்றுத்துறை என்றால் ஜனாதிபதி மட்டும் இல்லை, கொழும்பில் திணைக்கள மேசை ஒன்றிலிருந்து வரும் இந்த மாதிரி ஒரு பக்க அறிவித்தலும்தான்.

ஆகவே உங்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒரு வரைவு. புதிய அரசியலமைப்பு முழுவதும் வரும்வரை காத்திருக்கச் சொல்லாமல், ஜனாதிபதியிடம் இன்று இருக்கும் அதிகாரங்கள் ஒவ்வொன்றையும் எழுதி, அதற்குப் பக்கத்தில் இனி அது யாரிடம், யாருடைய சம்மதத்தோடு, யார் தடுக்கலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு வரைவு. ஆளுநர் நியமனத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். முதலமைச்சரின் சம்மதம் இல்லாமல் நியமிக்க முடியாது என்று இருந்தால் மேற்கொண்டு வாசிப்பேன். 'பிரதமரின் ஆலோசனைப்படி ஜனாதிபதி' என்று மட்டும் இருந்தால், ஜே.ஆரின் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

சர்வஜன வாக்கெடுப்புக்குப் பயப்படாதீர்கள். இனவாதிகள் கிளப்பிவிடுவார்கள், தோற்றுவிடுவோம் என்று உங்கள் ஆட்கள் தனிப்பேச்சில் சொல்வது காதில் விழுகிறது. 2024 செப்டெம்பரில் 42.31 வீதத்தோடு, இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணி வென்ற ஒருவர், இரண்டு மாதத்தில் மட்டக்களப்பைத் தவிர எல்லா மாவட்டங்களிலும் தன் கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். இதைவிட நல்ல நேரத்தை எந்தக் கட்சி எதிர்பார்க்க முடியும்? சந்திரிகாவும் நேரம் பார்த்துப் பார்த்து 2000 ஓகஸ்ட் வரை இழுத்தார், அதற்குள் அவரிடம் எண்ணிக்கையும் இல்லை, எதிர்க்கட்சி அந்தச் சட்டமூலத்தைச் சபைக்குள்ளேயே எரித்தது.

வரைவுக்கு நேரம் எடுக்கும், சரி. மாகாண சபைத் தேர்தலைப் பழைய முறையில் நடத்தும் சட்டத்துக்கு நேரம் எடுக்காது, பாராளுமன்றத்தில் 113 கைகள் போதும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுப்புக்காவல் உத்தரவில் ஒப்பமிடாமல் இருப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, பாதுகாப்பு அமைச்சர் பேனையைக் கீழே வைத்தால் போதும். உங்களில் வடக்கு கிழக்கிலிருந்து போனவர்கள் இந்த இரண்டையும் கட்சிக் கூட்டத்தில் எழுப்பினீர்களா, என்ன பதில் வந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும். பதிலைத் தமிழில் எழுதுங்கள், சிங்களத்தில் எழுதினாலும் வாசிப்பேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்